பிடி என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்

பயிற்சி கொடுக்க வந்த வளவாளர் பாயிஸ் சுவரில் விழுத்திய முதற் படமே ஸுலைஹா டீச்சருடைய முகந்தான். அது அவனுக்குத் தெரியாது.

கல்முனையில் ஆசிரியர்களுக்கான செயலமர்வு. யுத்தம் முடிந்த அடுத்த வருடம். வீதியில் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. அவை கழன்ற வேகத்தில் மண்டபங்களில் செயலமர்வுகள் முளைத்தன. சுனாமிக்குக் கூடாரமும் தையல் மெஷினும் கொடுத்த கைகள் இப்போது மடிக்கணினியும் சுவரில் படம் விழுத்தும் மல்டிமீடியாவும் கொடுத்தன. 'கூட்டாக எழுதும் இணையத்தளங்களும் படங்களும்: வகுப்பறைக் கற்பித்தலுக்கான கருவிகள்' என்று பதாகையில் எழுதியிருந்தது. தலைப்பு நீண்டுவிட்டதால் கடைசி எழுத்துகள் ஓரத்தில் நெரிபட்டுக் கிடந்தன.

சுவரில் இருந்த பெண்ணின் பாதி முகம் சேறு. மிச்சப் பாதியை அவிழ்ந்த கூந்தல் மூடியிருந்தது. ஒரு மரத்தில் தோள் சாய்த்து, வலது கையைப் பார்ப்பவர்களை நோக்கி நீட்டியபடி வாய் திறந்து நின்றாள். அந்நிய ஆண் முன் ஒரு மயிரிழை வெளியே தெரிய விடாத ஸுலைஹாவை, முக்காடில்லாமல், ஒரு மண்டபம் நிறைய ஆண்களும் பெண்களும் இமைக்காமல் பார்த்தார்கள்.

அவளுக்கு அந்தப் படம் புதிதல்ல. தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் நிவாரணச் சாமானோடு ஒரு கலண்டர் வந்தது. அதில்தான் முதலில் கண்டாள். சாய்ந்தமருதில் அது தொங்காத கொட்டில் இல்லை. சேற்றுக்குள் இருந்த முகத்தை ஊரில் யாரும் அடையாளம் பிடிக்கவில்லை. பெற்ற தாய் பிடித்தா. உம்மா கலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினா. அந்த வருடம் முழுக்க அவர்கள் தேதி பார்க்கப் பக்கத்துக் கொட்டிலுக்குத்தான் போனார்கள்.

கலண்டரில் படம் எடுத்தவனின் பெயர் இருக்கவில்லை. கடல் வந்த அன்றைக்கு அவனில் அவள் கண்டதும் பாதி முகம்தான். மற்றப் பாதியைக் கமெரா மறைத்திருந்தது. அந்தப் பாதி முகத்தை அவள் பஸ்ஸிலும் சந்தையிலும் கலியாண வீடுகளிலும் தேடினாள். அது இப்போது கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒரு சிவப்பு வெளிச்சத்தை வைத்துச் சுவரில் அவள் நெற்றியைச் சுட்டியது.

"இந்தப் படம் ஒங்களுக்கு என்ன சொல்லுது? தயங்காமச் சொல்லுங்க."

"துக்கம்."

"அல்லாஹ்விடம் கையேந்துறா."

"கடலத் திட்டுறா ஸேர்."

எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டினான். "பாத்தீங்களா? ஒரு படம், எத்தன பாடம்! எடுத்தது அடியேன்தான்." மண்டபம் கை தட்டியது. பிறகு முன்வரிசையில் ஒரு ஆசிரியை எழும்பி, "ஸேர், ஆளக் கேக்காம அவங்கட படத்த வகுப்பில போடலாமா?" என்று கேட்டார்.

"நல்ல கேள்வி. அனுமதி முக்கியம். ஆனா இந்தப் பொம்புள எனக்கு அனுமதி தந்தவங்க. நான் மதிலுக்கு மேல நிக்கன். என்னக் கண்டதும் 'புடிங்க காக்கா, புடிங்க, புடிங்க' எண்டு கத்துறாங்க. அவ்வளவு கஷ்டத்திலயும் இத உலகம் பாக்கணும், படம் புடிங்க எண்டு சொல்றாங்க. என்ட வாழ்க்கையில அப்படியொரு குரலக் கேட்டதில்ல."

மண்டபம் உச்சுக் கொட்டியது. ஸுலைஹா அதுவரை ஒரு சொல் விடாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். பேனை அந்த இடத்தில் நின்றது.

இடைவேளையில் கனகேஸ்வரி டீச்சர் பிளேன்டீயும் பட்டிஸும் கொண்டுவந்து பக்கத்தில் குந்தினாள். பாண்டிருப்புக்காரி, ஆசிரியர் கலாசாலையில் ஸுலைஹாவோடு ஒரே அறையில் இருந்தவள்.

"என்னகா, தேத்தண்ணி ஆறுது. பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க."

"அது நான்தான் கனகேஸ்."

"எது?"

"சுவத்தில இருந்தது."

கனகேஸ்வரி கடித்த பட்டிஸை விழுங்க மறந்தாள். பிறகு விழுங்கினாள். "அடக் கடவுளே. அந்தப் படத்துக்கு நானும் அழுதிருக்கனே! அந்த இடத்திலயே எழும்பி, செருப்பக் கழட்டி…"

"எழும்பினா என்ன நடக்கும்? ஸொறி எண்டுவான். எல்லாரும் கை தட்டுவாங்க. பிறகு என்னையும் பக்கத்தில நிறுத்தி வச்சி இன்னொரு படம் புடிப்பாங்க."

"அதுவும் சரிதான்." கனகேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்கட தம்பிக்குச் சுவத்தில மாட்ட ஒரு படம் இல்ல. இயக்கத்துக்குப் போகக்குள்ள அடையாள அட்டையையும் கொண்டு போயிட்டான். உங்களுக்கெண்டா வேணாம் வேணாம் எண்ட படம் உலகமெல்லாம். கடவுளுக்குப் பங்கு பிரிக்கத் தெரியாது கா."

ஸுலைஹா சிரிக்கவில்லை. "நான் புடிங்க எண்டுதான் சொன்னன் கனகேஸ். அவன் பொய் சொல்லல்ல. அதுதான் என்னக் கொல்லுது."

சுனாமி வந்த அன்று காலை நடந்தது இதுதான். முதல் தண்ணீர் வந்து சுவர்களை இடித்துவிட்டு இறங்கியபோது கூரையின் முகட்டு மரம் குசினிக்குள் விழுந்து கிடந்தது. அதற்கடியில் தங்கை ஸில்மியா. இறங்காமல் நின்ற தண்ணீர் அவளுடைய நாடி வரைக்கும். ஸுலைஹா மரத்துக்குள் தோளைக் கொடுத்து நெம்பினாள். மரம் விரலளவு எழும்பியது. இன்னொரு ஆள் ஒரு கை பிடித்திருந்தால் ஸில்மியாவை உருவி எடுத்திருக்கலாம். நிமிர்ந்தாள். உடைந்த மதிலில் ஒருவன் நின்றான். ஒரு கையை அவனிடம் நீட்டி, யாரென்று தெரியாதவனை அண்ணனாக்கி, புடிங்க காக்கா, புடிங்க என்று கத்தினாள். அவன் கையைத் தூக்கினான். கையில் கமெரா இருந்தது. பிறகு எங்கோ 'தண்ணி வருது' என்று சத்தம். அவன் மதிலால் குதித்து மெயின் ரோட்டுப் பக்கம் ஓடினான். மரத்தையும் ஸில்மியாவையும் கடல் கொண்டு போனது. ஸுலைஹாவை ஒரு தென்னை மரம் வைத்துக்கொண்டது. ஜனாஸா தொழுது அடக்க ஓர் உடம்பு கிடைக்கவில்லை.

இத்தனை வருடமும் ஸுலைஹா அவனை ஒரு கோழை என்று நினைத்திருந்தாள். பயந்து ஓடியவன். ஓடியவனை ஒருநாள் மன்னிக்கலாம் என்றுகூட எப்போதாவது தோன்றியதுண்டு. இன்றைக்கு அவன் ஒரு சொல்லைத் தூக்கி அவள் தலையில் போட்டுவிட்டான். புடிங்க என்று நீதானே சொன்னாய்? தூக்குங்க என்று சொல்லியிருக்கலாமே? காப்பாத்துங்க என்று சொல்லியிருக்கலாமே? தமிழ் டீச்சர்தானே நீ, உனக்கா சொல் பஞ்சம்?

அவன் உண்மையிலேயே பிழையாகத்தான் விளங்கினானா? அதை அவன் வாயால், இல்லை, அவன் கையால் எடுக்க வேண்டும். ஆறின தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

"அவன் பாடம் படிப்பிக்கத்தானே வந்திருக்கான்? நானும் டீச்சர்தான்," என்றாள்.

இரண்டாம் நாள் பாயிஸ் இணையத்தளத்தைத் திறந்து காட்டினான். எல்லோரும் சேர்ந்து எழுதும் பக்கங்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், எழுதியவர் பெயர் பக்கத்தில் நிற்கும்.

"அழிச்சா ஸேர்?" என்று கேட்டாள் ஸுலைஹா. செயலமர்வில் அவள் கேட்ட முதற் கேள்வி.

"அருமையான கேள்வி டீச்சர். இஞ்ச அழிச்சது அழியாது. பழைய பக்கத்த யாரும் ஒரு சொடுக்கில திருப்பி எடுக்கலாம். அடாத புள்ளைகள் இருந்தாப் பக்கத்தத் தொடங்கினவர் பூட்டு ஒண்டு போட்டிரலாம். பிறகு அவரத் தவிர ஒருத்தரும் கை வைக்க ஏலா."

"பூட்டுறது எப்படியெண்டு ஒருக்காக் காட்டுங்க ஸேர்."

காட்டினான். அவள் பக்கம் வந்து, அவளுடைய திரையிலேயே, பொறுமையாக, இரண்டு தரம் காட்டினான். அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் பேசினான். கண்ணாடியும் கறுப்பு முக்காடும் போட்ட முகம் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பின்னேரம் படத்தை வெட்டும் பாடம். மாணவர் கண் அங்குமிங்கும் அலையாமல் இருக்க, தேவையில்லாததை வெட்டிவிட வேண்டும் என்றான். உதாரணத்துக்கு அதே படத்தின் வெட்டாத மூலத்தைத் தளத்தில் ஏற்றினான். "பாருங்க, இதுதான் கமெராவில இருந்து வந்தது. கீழ இந்தப் பக்கம் ஒரே குப்ப. அத வெட்டின பிறகுதான் படம் கதைக்கத் தொடங்கிச்சு."

சிவப்பு வெளிச்சம் ஆடிய இடத்தில் கறுப்புத் தண்ணீர், ஓலைத் துண்டு, ஒரு அலுமினியச் சட்டி. அவற்றுக்கு நடுவில், ஸுலைஹாவின் பாவாடை விளிம்பைப் பற்றியபடி, ஒரு கை. மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல். நோன்புப் பெருநாளுக்கு வாங்கியது. பெருநாள் முடிந்த பிறகும் கழற்றாமல் உம்மாவிடம் ஏச்சு வாங்கிய வளையல்.

கடல் ஒரு நகத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை என்றல்லவா இருந்தாள்! அந்தக் கை இவ்வளவு காலமும் இவனிடம் இருந்திருக்கிறது. இவன் அதைக் குப்பையென்று வெட்டி வைத்திருக்கிறான்.

கனகேஸ்வரி மேசைக்கடியில் அவள் முழங்காலைப் பிடித்தாள். "வாங்க, வெளிய போவம்."

"இல்ல," என்றாள் ஸுலைஹா. "ஸேர் படிப்பிக்கிறார். படிப்பம்."

கடைசி நாள் மாதிரிப் பாடங்கள். பணிப்பாளர் மீராசா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாமான் கொடுத்த நிறுவனத்தின் ஆட்களும் வந்திருந்தார்கள். ஸுலைஹாவின் முறை வந்தது. வெண்பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதினாள்: பிடி.

"தரம் பத்து, தமிழ். ஒரு சொல் பல பொருள். நீங்கெல்லாம் என்ட புள்ளைகள். தளத்தில 'பிடி' எண்டு நான் ஒரு பக்கம் தொடங்கியிரிக்கன். ஆளுக்கொரு பொருள் எழுதுங்க, பேரோட. வளவாளர் ஸேரும்தான். இண்டைக்கு அவரும் புள்ள."

மண்டபம் சிரித்தது. விசைப்பலகைகள் படபடத்தன. சுவரில் வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன. மீன் பிடி. பேய் பிடி. அடம் பிடி. ஒரு பிடி சோறு. கத்திப் பிடி.

"'எனக்கு அவளப் பிடிக்கும்' எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். பேரும் கிடக்கு," என்றாள் கனகேஸ்வரி உரத்து.

"மனிசிக்குச் சொல்லிராதீங்க டீச்சர்!" என்றது பின்வரிசை. பணிப்பாளர் மீராசாவும் விரலைத் தேடித் தேடி 'குடை பிடி' என்று எழுதிவிட்டுச் சிறுபிள்ளை போலச் சுவரைப் பார்த்தார்.

பாயிஸ் 'படம் பிடி' என்று எழுதினான். கீழே அவன் பெயர் நின்றது.

"நல்லம்," என்றாள் ஸுலைஹா. "இப்ப இந்தப் பக்கத்துக்கு ஒரு படம் போடப்போறன்." வெட்டாத படம் பக்கத்தின் தலையில் ஏறியது. "இந்தப் பொம்புள 'புடிங்க' எண்டு சொன்னதாக ஸேர் சொன்னார். ஓம், அப்படித்தான் சொன்னா. எந்தப் பொருளில சொன்னா? ஸேர் படிப்பிச்ச முறையில பாப்பம். கை எங்க நீளுது?"

"எங்களப் பாத்து," என்றது மண்டபம்.

"எங்கட இடத்தில அண்டைக்கு நிண்டது யாரு?"

தலைகள் பாயிஸ் பக்கம் திரும்பின.

"தோள் என்ன செய்யுது? சாயுதா, தூக்குதா?"

"தூக்குது," என்றார் மீராசா மெதுவாக. "மரத்தத் தூக்குறா."

"எதுக்கு? கீழ பாருங்க. குப்ப எண்டு வெட்டின பக்கம்."

கனகேஸ்வரிக்குத் தெரியும். தெரிந்தும் அவளால் தாங்க முடியவில்லை. "ஒரு கை," என்றாள். "கீழ ஒரு கை இருக்கு."

கதிரைகள் அரைபட்டன. பின்வரிசையில் ஆட்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். கண்ட பிறகு யாராலும் அந்தக் கையைக் காணாமல் இருக்க முடியவில்லை. 'அல்லாஹ்விடம் கையேந்துறா' என்று சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது ஸில்மியா. என்ட தங்கச்சி," என்றாள் ஸுலைஹா. அதே பாடம் நடத்தும் குரல். "மரத்துக்கு அங்கால நிக்கிறது நான். வளவாளர் ஸேர், நீங்க ஒரு பொருள் எழுதினீங்க. அதத்தான் அண்டைக்குக் கேட்டீங்களா? எழுதுங்க. எங்களுக்கு நேரம் இரிக்கி."

பாயிஸ் சுவரைப் பார்க்காமல் பேசினான். "டீச்சர்… அந்தச் சத்தத்தில… நான் அப்படித்தான் வெளங்கினன்."

"ஓம். அத வாயால சொல்ல வேணாம். பேரோட எழுதுங்க."

அவன் விசைப்பலகையில் விரல் வைத்தான்; எடுத்தான். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டுப் பக்கக் கதவால் வெளியே போனான். சான்றிதழ்களைப் பணிப்பாளர்தான் கொடுத்தார்.

அன்று பின்னேரமே பக்கம் வெறுமையாகிவிட்டது. ஸுலைஹா திருப்பி எடுத்தாள். பாயிஸ் மறுபடி அழித்தான், இம்முறை கனகேஸ்வரி பாண்டிருப்பிலிருந்து திருப்பி எடுத்தாள். அடுத்த தடவை ஸுலைஹா பார்க்கும் முன்னரே யாரோ முகம் தெரியாத ஆசிரியர் பாலமுனையிலிருந்து திருப்பி எடுத்திருந்தார். எல்லோரும் நன்றாகப் படித்திருந்தார்கள். பூட்டை மட்டும் ஸுலைஹா போடவில்லை. பூட்டினால் அவனுக்கு எழுத முடியாது.

ஆள் இளைத்துப்போய் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தான். அலுவலகத்துக்கு வெளியே, பிள்ளைகள் போய்வரும் விறாந்தையில் அவளை நிறுத்தினான்.

"செயலமர்வெல்லாம் நிண்டு போச்சு டீச்சர். போற இடமெல்லாம் அந்தப் பக்கத்தத்தான் திறந்து வச்சிரிக்காங்க. என்ட மகள் படிக்கிற வகுப்பிலயும் போட்டுக் காட்டிட்டாங்க. ஒங்கட காலப் புடிச்சிக் கேக்கன், அத எடுத்திருங்க."

"அண்டைக்குக் கையப் புடிச்சிருந்தா இண்டைக்குக் காலப் புடிக்கத் தேவையில்ல ஸேர்."

விறாந்தையால் போன இரண்டு பிள்ளைகள் ஸலாம் சொன்னார்கள். அவள் பதில் ஸலாம் சொல்லி அனுப்பினாள்.

"எழுதினா எடுப்பீங்களா?"

"எழுதுங்க. பிறகு பாப்பம்."

பாப்பம் என்றால் என்னவென்று அந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கடன் கேட்டவனுக்கும் பெண் கேட்டவனுக்கும் சொல்லுகிற பாப்பம். பாயிஸ் அதைப் பிடித்துக்கொண்டு போனான். பிடிப்பதற்கு அவனுக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

அடுத்த கிழமை, தரம் பத்துப் பிள்ளைகள் வருமுன், கணினி அறையில் அவள் பக்கத்தைத் திறந்தாள். அடியில் ஒரு புதிய வரி இருந்தது.

'கையைப் பிடி என்றுதான் கேட்டது. எனக்கு அப்போதே விளங்கியது. ஒரு படம் எடுத்துவிட்டு இறங்குவோம் என்று நினைத்தேன். பாயிஸ்.'

ஸுலைஹா மூன்று வசனத்தையும் எழுத்துப் பிழை பார்ப்பதுபோல வாசித்தாள். பிழை இல்லை. ஆக, சொல்லில் குற்றமில்லை. அவள் சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறாள். அது சரியான காதில்தான் விழுந்திருக்கிறது. நெஞ்சுக்குள் கிடந்த முகட்டு மரம் விரலளவு எழும்பியது. அதற்கடியில் இரக்கம் ஏதும் மிச்சம் கிடக்கிறதா என்று ஒரு கணம் தேடிப் பார்த்தாள். இல்லை.

அவன் இரண்டு தரம் காட்டித் தந்த இடத்தில் அம்புக்குறியை வைத்து, அவன் காட்டித் தந்தபடியே, பக்கத்தைப் பூட்டினாள்.

பிள்ளைகள் தள்ளுமுள்ளாக உள்ளே வந்தார்கள். "இண்டைக்கு என்ன பாடம் டீச்சர்?"

"இருங்க," என்றாள். மல்டிமீடியாவைப் போட்டாள். சுவரில் பச்சை வளையல் தெரிந்தது. "எல்லாரும் படத்தப் பாருங்க. அடியில இருந்து பாருங்க."